சிம்பொனியின் மெல்லொலி

சிம்பொனி என்பது, வயலின் முதல் பித்தளைக் குழல்கள் வரை பல்வகை வாத்தியங்களை வாசிக்கும் பெரிய குழுவுக்காக, பெரும்பாலும் நான்கு பகுதிகளாக எழுதப்படும் மேலைச் செவ்வியல் இசைப் படைப்பாகும். அதன் ஒலிப்பதிவை மதிப்பிடுவோர் பலர் முழக்கத்தையே முதலில் பாராட்டுகின்றனர். உண்மையில் பதிவின் தரம் தெரிவது மெல்லொலியில்தான்.

எடுத்துக்காட்டாக, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழாவில் ஐந்து தேர்கள் உலா வரும்போது, தெருக்கோடியில் மெலிதாகத் தொடங்கும் தவிலும் நாதஸ்வரமும் அருகே வந்ததும் நெஞ்சில் அதிர்ந்து, பின்னர் தேய்ந்து மறைவதை அங்குள்ள நேயர்கள் அறிவர். தூரத்து ஒலியையும் அண்மை ஒலியையும் ஒரே அளவாக்கிக் காட்டும் பதிவில் தேர் நகர்வதே தெரியாது.

1808ஆம் ஆண்டு வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, பதிவில் இந்த ஒலி வேறுபாட்டைச் சோதிக்கத் தக்க உரைகல்லாகும். அதன் மூன்றாம் பகுதி முடியும் தறுவாயில், தந்தி வாத்தியங்கள் மெல்லொலியை நீட்டிப் பிடித்து நிற்க, டிம்பனி எனும் சுருதி கூட்டப்பட்ட முரசு அடங்கிய குரலில் தட்டிக்கொண்டேயிருக்கிறது. அந்த இருட்டிலிருந்து இசை படிப்படியாக வளர்ந்து நான்காம் பகுதிக்குள் வெடித்து நுழையும்போதுதான், அதுவரை அப்படைப்பில் ஒலிக்காத டிரம்போன் எனும் பித்தளைக் குழல்களும் பிக்கோலோ எனும் சிறு புல்லாங்குழலும் முதன்முறையாகச் சேர்கின்றன. மெல்லொலியை உயர்த்தி வல்லொலியைத் தாழ்த்தும் ‘ஒலிச்சுருக்கம்’ மிகுந்த பதிவில் இந்த வெடிப்பு வெறும் தொடர்ச்சியாகிவிடுகிறது. அது பொறுக்கத்தக்க குறையன்று.

குரல் தலைமை தாங்கும் படைப்புகளுக்கு அளவுகோல் வேறு. 2005இல் வெளிவந்த இசையமைப்பாளர் இளையராஜாவின் ‘திருவாசகம்’ சிம்பொனி என்ற பெயரோடு பரவினாலும், வடிவத்தில் ஒரேடோரியோ, அதாவது தனிக்குரலும் குழுக்குரலும் வாத்தியக் குழுவும் இணையும் பக்திப் படைப்பாகும். திருவாசகத்தைப் பாடிய மாணிக்கவாசகரின் சொல்லே தலைமை தாங்குவதால் அங்குக் குரல் முன்னே நிற்பது முறையே. ஆனால், இளையராஜா எழுதி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அரங்கேற்றிய ‘வேலியன்ட்’ போன்ற முழுச் சிம்பொனிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. எந்த வாத்தியமும் தன் இருக்கையை விட்டு முன்னே தள்ளப்படாமல், அரங்கின் ஆழம் செவிக்குப் புலப்பட வேண்டும்.

ஆகவே நேயர்கள், தகரக் கூரையில் மழை ஓய்ந்த ஓர் இரவில், முழக்கமான இடத்தில் காது நோகாத அளவுக்கு ஒலியை ஒருமுறை அமைத்துவிட்டு, இறுதிவரை அதைத் தொடாமல் பதிவைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.