தெளிந்த சாற்றுக்குள் ஒரு தேடல்

இஞ்சிச் சாற்றைச் சற்று நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாக மண்டி தங்கும். மேலே இருக்கும் தெளிவை மட்டும் இறுத்து எடுப்போம். அந்தத் தெளிவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள் எண்ணற்று மிதக்கின்றன. கொழுப்புச் சவ்வால் ஆன இந்தப் பைகளுக்குள் புரதமும் சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகளும் இருக்கும். முகப்பூச்சு விளம்பரங்களில் 'தாவர எக்சோசோம்' என்று வருவது இவைதான். பெரும்பாலும் 30 முதல் 150 நானோமீட்டர் அளவு. ஒரு தலைமுடியின் தடிமனுக்கு இவற்றை நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டும்!

இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. முதலில் சாற்றை மெதுவாகச் சுழற்றி நாரையும் மாவையும் அடியில் இறக்குகிறார்கள். பிறகு மெல்லிய வடிகட்டி. அதன்பின் புவியீர்ப்பைப்போல 1,00,000 மடங்கு விசையில், குளிர்நிலையில், ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுழற்சி. அப்போதுதான் பைகள் அடியில் படியும். ஆனால் அந்த அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சில உடையும். அதனால் பெரிய அளவில் தயாரிப்பவர்கள் வேறு வழியை நாடுகிறார்கள். நுண்துளைகள் கொண்ட வடிகட்டிச் சவ்வின்மேல் சாற்றை நேராக மோதவிடாமல், பக்கவாட்டில் ஓடவிடுகிறார்கள். சர்க்கரையும் சிறு புரதங்களும் துளை வழியே வெளியேற, பைகள் தங்கிவிடுகின்றன. துளையும் எளிதில் அடைபடாது. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரைக்கும்போது செல்கள் கிழிந்து, அவற்றின் சவ்வுத் துண்டுகளும் பைகளாகச் சுருண்டுகொள்ளும். எது செடியே சுரந்தது, எது அரைத்ததால் வந்தது என்று பிரிப்பது கடினம். ஆகவே ஆய்வாளர்கள் பலர் 'எக்சோசோம் போன்ற நுண்பைகள்' என்றே எழுதுகிறார்கள். விளம்பரங்களும் அப்படியே எழுதலாம்.