பதக்க விளிம்பில் பாட்டனார் பெயர்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தமடை என்றால் பாயைப் பற்றிப் பேசுவது உலக வழக்கம். நான் இன்று நம் வீட்டுப் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் கிடக்கும் ஒரு சிறு உலோக வட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "எங்கள் பாட்டனார் பட்டாளத்துக்காரர், பஸ்ரா வரை போனவர்" என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எந்தப் படை, எந்த ஆண்டு என்று கேட்டால்தான் விடை வருவதில்லை.

கம்பெனி ஆட்சிக் காலத்துச் சென்னைப் படையில் ஒடுக்கப்பட்ட வகுப்பார் பலர் பணியாற்றினர். 1881 முதல் 1885 வரை அப்படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் என்பார், பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானார். தென்னாட்டார் போர்க்குணம் குன்றியவர் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை வேரூன்றவே சென்னைக் காலாட்படைகள் குறைக்கப்பட்டன. சாப்பர்ஸ் என்னும் பொறியியற்படையும் பயனீர் படையுமே நம்மவர்க்குப் பெரிதும் புகலிடமாயின. 1914இல் போர் மூண்டதும் ஆள் தேவைப்பட்டது. கதவு அகலத் திறந்தது. போர் ஓய்ந்த பின் மீண்டும் ஒடுங்கிற்று. பயனீர் படைகள் 1933ஆம் ஆண்டளவில் கலைக்கப்பட்டன. 1939இல் மறுபடியும் போர், மறுபடியும் அழைப்பு!

இவ்வாறு சென்றவர்களை அரசு எவ்வாறு நினைவு கூர்ந்தது? சென்னை மாகாணத்துச் சிற்றூர்கள் பலவற்றில் முதற்போருக்குப் பின் கல்வெட்டுப் பலகைகள் பதிக்கப்பட்டன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்று மட்டுமே அவை கூறும். பஸ்ரா நினைவகத்திலும் அதே கதைதான். அங்கே அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களோ படைவாரியாக வெறும் எண்ணிக்கையாயினர். நூறாண்டு கழித்து, 2021இல்தான், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்த வேற்றுமைக்கு மன்னிப்புக் கோரிற்று.

கல் சொல்லாத பெயரைப் பதக்கம் சொல்லும். 1914-18 போர்ப் பதக்கத்தின் ஒரு முகத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை, மறுமுகத்தில் குதிரைமேல் ஒரு வீரன். காசைச் செங்குத்தாக நிறுத்துவது போல் நிறுத்தி, விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படை ஆகிய நான்கும் ஆங்கில எழுத்தில் அங்கே இருக்கும். "2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்." என்றிருப்பின், அது விக்டோரியா அரசியின் பெயர் தாங்கிய சென்னைச் சாப்பர்ஸ் படையாகும். போர்வீரர்க்கு இப்பதக்கம் வெள்ளியில் வழங்கப்பட்டது. தொழிலாளர் படையில் மூட்டை சுமந்தவர்க்கும் சாலை போட்டவர்க்கும் வெண்கலமே வழங்கப்பட்டது. அவ்வெண்கல விளிம்பில் பதவியின் இடத்தில் "கூலி" என்ற சொல் வெட்டப்பட்டிருப்பதும் உண்டு. அதைக் கண்டு நாணவேண்டியவர் நாமல்லர். வெள்ளியாய் இருந்தவை பஞ்ச காலத்தில் அடகுக் கடைக்குப் போய் உருகியிருக்கும். வெண்கலமே எஞ்சியிருக்க வாய்ப்பு மிகுதி.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கைத் துலக்குவது போல் புளியும் சாம்பலும் இட்டுப் பதக்கத்தைத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துபோகும். சாய்ந்த வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி கொண்டு படித்தால் போதும்.

தேடும்போது பெயரைவிட எண்ணையே நம்புங்கள். மாடசாமி என்னும் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் மதசாமி என்றும் எழுதுவார், மாடஸ்வாமி என்றும் எழுதுவார். படையிலிருந்து விடுவித்த சான்றிதழ் கிடைத்தால் அதில் ஊர், தாலுகா, சாதி ஆகியவையும் இருக்கும். நம் ஊர் அன்று அம்பாசமுத்திரம் தாலுகா, டின்னவெல்லி ஜில்லா. ஆதிதிராவிடர் என்னும் பெயரைச் சென்னை அரசு ஏற்றது 1922இல். அதற்கு முற்பட்ட தாள்களில் நாம் வெறுக்கும் பழைய பெயர்களே இருக்கும். அவற்றையும் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

முதற்போர்ப் பதக்க அட்டைகள் இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இந்தியப் படையினர் சிலரின் அட்டைகளே அங்கு உண்டு. சாப்பர்ஸ் பற்றி அறியப் பெங்களூருவிலுள்ள அப்படையின் ஆவண அலுவலகத்துக்கும், மெட்ராஸ் ரெஜிமெண்ட் பற்றி அறிய நீலகிரி வெலிங்டனுக்கும் எழுதலாம். மாண்டவர் பெயர்களைப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் இணையத்திலேயே பார்க்கலாம். இதைச் செய்ய உங்களுக்குக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை, பொறுமை தேவை.

பதக்கம் இல்லாத வீட்டார் வருந்தற்க. முதற்போரில் கடல் கடவாது உள்நாட்டிலேயே பணிபுரிந்தோர்க்குப் பொதுவாக அது வழங்கப்படவில்லை. பதக்கம் இல்லை என்பதால் பாட்டனார் சொன்னது பொய்யாகிவிடாது. பெரியவர்கள் நினைவில் உள்ளதையேனும் கேட்டு எழுதி வையுங்கள்.

நம் கழக நூலகத்தில் இதற்கெனத் தனியே ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். பதக்கத்தைக் கழகத்துக்குக் கொடுத்துவிட வேண்டுவதில்லை. கொண்டுவந்து காட்டினால், விளிம்பெழுத்தை உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டு அப்பொழுதே உங்கள் கையில் திருப்பித் தருவோம்.