தட்டுக்கும் ஒரு பேரேடு வேண்டும்!

(செண்பகத்தோப்பு அடிவாரத்தில் இளைஞர்கள், வணிகர்கள் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரிமைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கல்வி, வேலைவாய்ப்பு, இட ஒதுக்கீடு என்று பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த உரிமைகளை வாங்கி அனுபவிக்க உடம்பு ஒன்று வேண்டுமே! நாற்பது வயதில் சர்க்கரை, ஐம்பது வயதில் காலில் ஆறாத புண், அறுபதுக்குள் சிறுநீரகம் பழுது. இப்படிப் போனால் தகப்பன் நடத்திய கடையை மகன் எப்படி எடுத்து நடத்துவான்? கடை முதலே மருத்துவமனைக்குப் போய் விடுகிறதே!

இது மிகைப்படுத்தல் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் மேல் இந்த நோய் இருக்கிறது. நோய் சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவனை அது சீக்கிரம் கண்டுபிடித்து விடுகிறது.

காரணம் என்ன?

அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025 செப்டம்பரில் இன்னொரு முடிவு வந்தது. நாம் உண்ணும் மொத்த ஆற்றலில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அரிசி, கோதுமை, மைதா, சீனி எல்லாம் மாவுச்சத்துதான். வயிற்றுக்குள் போனால் எல்லாம் சர்க்கரையாகவே மாறுகிறது. "நான் சோற்றை விட்டு விட்டேன், சப்பாத்திதான் சாப்பிடுகிறேன்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றின் கதையும் இதுதான். பெயர் மாறினால் சரக்கு மாறி விடுமா?

இனி, நம் வணிகர் ஒருவரின் ஒரு நாளை எடுத்துக் கணக்குப் போடுவோம். காலையில் நான்கு இட்லி: ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து. கடைக்கு வந்து போகிறவர்களோடு ஆறு டீ, சீனியும் பாலுமாக: 50 கிராமுக்கு மேல். மதியம் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று முறை சோறு: குறைந்தது 100 கிராம். மாலையில் இரண்டு வடை: 20 கிராம். இரவு கடை அடைத்து விட்டு வரும் வழியில் மூன்று பரோட்டா: 90 கிராம். கூட்டினால் 300 கிராம். இதற்கே உடலுக்கு 1200 கலோரி போய் விட்டது. மாம்பழம், பால்கோவா, கல்யாண வீட்டுப் பிரியாணி எதையும் இதில் சேர்க்கவில்லை!

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பசியை ஆற்ற வந்த அரிசி இது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். பசித்தவனுக்கு அது உயிர் காத்தது. முட்டையும் மீனும் அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. எனவே ஏழையைப் பார்த்து, "ஏன் சோறு தின்கிறாய்?" என்று கேட்பது அநியாயம். வசதி வந்த பிறகும் அதே அளவு சோற்றைப் போட்டுக் கொண்டு, உழைப்பை மட்டும் குறைத்துக் கொண்டோமே, அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த மண்ணையே பாருங்கள். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமான காடு இது. இங்கே பளியர்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக் கிழங்கையும் தேனையும் தேடி உண்டு வாழ்ந்தார்கள். கிழங்கும் மாவுச்சத்துதான், தேனும் இனிப்புதான். ஆனால் ஒரு கிழங்கைத் தோண்ட எத்தனை தூரம் ஏற வேண்டும், எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்! தின்பதற்கு முன்பே உடம்பு விலை கொடுத்து விடும். நமக்கோ தட்டு மேசைக்கே வருகிறது.

புதிய சரக்கு அல்ல!

மாவுச்சத்தைக் குறைத்து உண்பது நேற்று முளைத்த நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். லண்டனில் வில்லியம் பேண்டிங் என்பவர் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தி வந்தார். குனிந்து காலணிக் கயிறு கட்ட முடியாத அளவு பருத்திருந்தார். மருத்துவர் ஒருவரின் யோசனைப்படி ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டார். ஓராண்டில் ஏறத்தாழ 20 கிலோ குறைந்தார். 1863இல் அதைச் சிறு நூலாகவே எழுதி வெளியிட்டார். அவரும் ஒரு வணிகர்தான் என்பதைக் கவனியுங்கள்!

1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை, நீரிழிவுக்காரர்களுக்கு மருத்துவர்கள் கையில் இருந்த முக்கிய ஆயுதமே உணவுக் கட்டுப்பாடுதான். நம் தமிழிலும் நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' நூல் வந்த பிறகு இந்த முறை பரவலாகப் பேசப்பட்டது. உங்கள் தெருவிலும் தொடங்கியவர்கள் இருப்பார்கள். இன்று அவர்களில் எத்தனை பேர் நிலைத்து நிற்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு கட்டுரை வெளியிட்டது. மாவுச்சத்தைக் குறைத்து உண்ட நீரிழிவுக்காரர்களில் ஆறு மாத முடிவில் நூற்றுக்கு 57 பேருக்கு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு நோய்க் கோட்டுக்குக் கீழே இறங்கியது. மற்ற உணவுமுறையில் இருந்தவர்களில் 31 பேருக்குத்தான் இறங்கியது. மகிழ்ச்சியான செய்தி! ஆனால் பன்னிரண்டு மாதம் ஆனதும் அந்த வித்தியாசம் சுருங்கி விட்டது. தொடங்குவது எளிது, தொடர்வதுதான் கடினம்.

தொடர்வது எப்படி?

முதலாவது, எட்டக் கூடிய இலக்கை வையுங்கள். நாள் ஒன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே போனால்தான் குறைந்த மாவுச்சத்து உணவு என்று மருத்துவ உலகம் சொல்கிறது. ஆனால் புதிதாக நீரிழிவு கண்டவர்கள் 62 பங்கை 49 முதல் 54 பங்காக இறக்கி, புரதத்தை 20 பங்காக உயர்த்தினாலே குணத்தை நோக்கித் திரும்ப வாய்ப்புண்டு என்று 2022இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். முதல் நாளே ஏழாவது மாடிக்குத் தாவ வேண்டாம், படிப்படியாக ஏறுங்கள்.

அதே வணிகரின் நாளைத் திருத்திப் பார்ப்போம். இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும்: 20 கிராம். சீனி இல்லாத டீ இரண்டு மூன்று: 10 கிராம். மதியம் கீரை, காய், மீன் நிறைய வைத்து, சோறு ஒரே ஒரு சிறு கரண்டி: 35 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை: 10 கிராம். இரவு ஆம்லெட்டோ கோழியோ, கூட ஒரே ஒரு பரோட்டா: 30 கிராம். காய்கறி, தயிர் வகையில் 20 கிராம். மொத்தம் 125! பட்டினி கிடந்தாரா? இல்லை. பரோட்டாவைக் கூட முழுதாக விடவில்லை.

இரண்டாவது, எழுதி வையுங்கள். சிட்டை எழுதாமல், பேரேடு பார்க்காமல் எந்த வியாபாரியாவது கடை நடத்துவானா? இரவு கல்லா எண்ணும் நேரத்தில் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். இன்று வாய்க்குள் போனது என்னென்ன என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தொடங்கினால்தான் அந்த ஆறாவது டீ கண்ணில் படும்.

மூன்றாவது, பசிக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பசி வந்த பிறகு யோசித்தால் எதிரில் தெரிவது வடைச் சட்டிதான். அவித்த முட்டையும் கடலையும் கல்லாப் பக்கத்தில் இருக்கட்டும். டீக்கடையில் "சீனி இல்லாமல்" என்று ஒரு வாரம் சொன்னால் போதும், எட்டாம் நாள் நீங்கள் சொல்லாமலே அப்படிப் போட்டுக் கொடுப்பார்.

நான்காவது, வீட்டுப் பெண்கள் மேல் பாரத்தை ஏற்றாதீர்கள். "எனக்குத் தனிச் சமையல் வேண்டும்" என்று அதிகாரம் செய்பவரின் உணவுமுறை ஒரு மாதம் தாங்காது. குழம்பும் கறியும் பொரியலும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும், உங்கள் தட்டில் சோற்றை மட்டும் குறையுங்கள். காயையும் கறியையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் எடுத்துக் கொள்ளுங்கள். அவர்களுக்கும் சர்க்கரை வரும், அவர்கள் தட்டிலும் முட்டை விழ வேண்டும் என்பதை மறந்து விடாதீர்கள்.

ஐந்தாவது, இதுதான் முக்கியம். ஒரு நாள் தவறினால் ஓடி விடாதீர்கள். வலீமாவில் பிரியாணி சாப்பிட்டு விட்டோம், அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று மறுநாளும் பழைய வழிக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஒரு நாள் வியாபாரம் படுத்தால் கடையை நிரந்தரமாக இழுத்து மூடி விடுகிறோமா? மறுநாள் பொழுது விடிந்ததும் பூட்டைத் திறக்கிறோம் அல்லவா? தட்டுக்கும் அதுவே சட்டம்.

எச்சரிக்கை!

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. உணவு குறைந்து மருந்து குறையாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளைச் சாப்பிட்டுக் கொண்டு மாவுச்சத்தை அறவே விட்டால், இரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயமும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. கறி தின்னலாம் என்று சொன்னதும் நெய்யிலும் எண்ணெயிலும் குளிக்க வேண்டாம், இதயமும் நம்முடையதுதான்.

ரமலான் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்து நேரத்தை மாற்றிக் கொள்ளுங்கள். பகல் முழுக்கப் பொறுமை காத்து விட்டு, இஃப்தாரில் சர்பத், சமோசா, வடை என்று அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் இழந்து விடாதீர்கள். பேரீச்சம் பழம் எண்ணிக்கையோடு இருக்கட்டும். கஞ்சியில் அரிசி குறைந்து, கறியும் பாசிப் பருப்பும் கூடட்டும். சஹரில் முட்டையோ மீனோ இடம் பெறட்டும்.

சமுதாயமும் மாற வேண்டும்!

தனி மனிதன் எவ்வளவுதான் உறுதியாக நின்றாலும், சுற்றிலும் இருப்பவர்கள் இழுத்தால் விழுவான். "ஒரு நாள்தானே, சாப்பிடுங்க பாய்!" என்று உபசரிக்கிறோம். அன்புதான் காரணம், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு கண்ணைப் பறிக்கிறது, காலைப் பறிக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகளும் இளைஞர்களும் நினைத்தால் சில காரியங்களை உடனே செய்யலாம். நம் கூட்டங்களில் சீனி இல்லாத டீயும் இருக்கட்டும். விருந்துகளில் கறியும் காயும் தனியாக எடுத்துக் கொள்ள வழி இருக்கட்டும். சோறு வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமல் விடுவோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊரில் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை நடக்கட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பயன்படுத்திக் கொள்ளுங்கள். ஆனால் மாத்திரையைக் கொண்டு வருபவர் உங்கள் தட்டில் சோற்றைக் குறைத்து வைக்க மாட்டார். அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பால்கோவா விற்பவர்களும், மாம்பழம் விற்பவர்களும், பரோட்டாக் கடை நடத்துபவர்களும் இங்கே இருக்கிறீர்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா இந்த மண்ணின் பெருமை. அதை ஒழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது என்றோ ஒரு நாள் தின்னும் பண்டமாக இருக்கட்டும், தினசரி உணவாகி விட வேண்டாம். பரோட்டாக் கடைக்காரர்களே! உங்கள் பலகையில் முட்டை, கோழி, மீன், காய்க் கூட்டு ஆகியவற்றை மேல் வரியில் எழுதுங்கள். வாடிக்கையாளர் நெடுநாள் வாழ்ந்தால்தானே வியாபாரமும் நெடுநாள் நடக்கும்!

சகோதரர்களே! பெரிய சபதம் எதுவும் எடுக்க வேண்டாம். இன்று மாலை ஒரு டீயில் சீனியை விடுங்கள். இன்று இரவு ஒரு பரோட்டாவைக் குறையுங்கள். இரவு படுக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள். நாளையும் அதையே செய்யுங்கள். சிறிய லாபத்தை நாள்தோறும் சேர்த்து முதலாளி ஆனவர்கள் நீங்கள். இந்த வித்தையை உங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியதில்லை.

வல்ல இறைவன் நமக்கு நல்ல உடல்நலத்தைத் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.