மாக்கட்டு கழற்றிய பிறகு



எம்பிலிப்பிட்டியவில் நாங்கள் இருக்கும் கிளினிக்குக்கு றக்குவானைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்களில் சிலர், ஒரு கையை மறு கையால் தாங்கிக்கொண்டே வருவார்கள். மழை நாளில் சரிவில் வழுக்கினால் எவரும் உள்ளங்கையைத்தான் முதலில் ஊன்றுவோம். உடம்பின் பாரம் அதில் இறங்க, மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. டப்ளின் நகர வைத்தியர் ஏபிரகாம் கொலிஸ் இதை 1814இல், எக்ஸ்ரே என்ற ஒன்றே இல்லாத காலத்தில், எழுதி வைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். மாதவிடாய் நின்று எலும்பு வலுக் குறைந்த பெண்களுக்கு இது அதிகம். நம்மில் பலருக்கு அந்த வயது வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அந்த வயதில் அம்மா இருக்கிறார்.

பெரும்பாலும் ஐந்தாறு கிழமையில் மாக்கட்டை வெட்டி எடுப்போம். எங்கள் கவலை அதற்குப் பிறகுதான். கை மெலிந்து, விறைத்து, யாருடையதோ போல இருக்கும். சிலர் பயந்து சேலைத் தலைப்புக்குள் மாதக்கணக்கில் பொத்தி வைப்பார்கள்; விரல் மடங்காமலே போய்விடும். வேறு சிலர் மறுநாளே கொழுந்துக்குப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை. நிறை குறைந்தால் அரைப்பேர்தானே.

மாக்கட்டு இருக்கும்போதே விரல்களை முழுதாக மடக்கி நீட்ட வேண்டும்; முழங்கையையும் தோளையும் சும்மா விடக் கூடாது. கழற்றிய பின் முதலில் பாரமில்லாத அசைவு: மணிக்கட்டை மேலும் கீழும், உள்ளங்கையை வானம் பார்க்கவும் நிலம் பார்க்கவும். எலும்பு கூடிவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகே கையை ஊன்றலாம்.

அதற்கு நாங்கள் ஏறி நின்று நிறை பார்க்கும் தராசை மேசையில் வைப்போம். உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி, முள் 2 கிலோவைக் காட்டும்போது பத்து எண்ணும் வரை பிடிக்கச் சொல்வோம். சில நாளில் 3, பிறகு 5. கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கிலோ என்றால் என்னவென்று கொழுந்து எடுப்பவருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே முள்ளைப் பார்ப்பார்கள். தராசு இல்லாத வீட்டில் சுவரில் கை வைத்துச் சாயலாம், பிறகு மேசை விளிம்பில், பிறகு பாயில் முட்டி போட்டு இரு கையும் ஊன்றி. ரொட்டிக்கு மாப் பிசைவதும் நல்ல பயிற்சிதான். ஈரத் துணி முறுக்குவது, தண்ணீர் வாளி, பால் வெட்டும் கத்தி எல்லாம் கடைசியில். அதற்கு மூன்று மாதமாவது போகும்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். விடிந்த பின்னும் வலியும் வீக்கமும் இருந்தால் ஒரு படி இறங்குங்கள். எரிச்சலோடு கை பளபளவென்று வீங்கினாலும், விரல் மரத்தாலும், பெருவிரலைத் திடீரென்று தூக்க முடியாமல் போனாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

நம் பிள்ளைகளில் சிலர் இன்று தோட்டங்களில் பிள்ளை மடுவத்திலும், டிஸ்பென்சரியிலும், அலுவலகத்திலும் வேலை செய்கிறீர்கள். மாக்கட்டு வெட்டிய பெண்ணைக் கண்டால், மலைக்கு அனுப்பாமல் சில கிழமை இலேசான வேலை கொடுக்கும்படி கிளினிக்கில் துண்டு கேட்கச் சொல்லுங்கள். எழுதித் தருவோம்.