"இடமில்லை" என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்

(ஒன்றியக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமாக சேமிப்பு, கடன், திருப்பம் இதைப் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பற்றிப் பேசப் போகிறேன். ஜூன் மாதத்தில் சேர்ப்பது பற்றி இல்லை. அது நமக்குத் தெரியும். அக்டோபரிலோ ஜனவரியிலோ, பள்ளிக்கூடம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது சேர்க்க வேண்டி வந்தால் என்ன செய்வது? அதுவும் டவுனில் எல்லோரும் போட்டி போடுகிற பள்ளியில் "இடமில்லை"ன்னு சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். ஆனால் நம்ம வாழ்க்கை ஜூன் கணக்குப்படி நடப்பதில்லை. பொங்கலை ஒட்டி செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறோம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை குறைந்தால் ஊருக்குத் திரும்புகிறோம். வீட்டுக்காரர் இறந்துபோனால், இல்லை அடி உதை தாங்க முடியாமல் போனால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கு வருகிறோம். இதில் எதுவும் தேதி பார்த்து வருவதில்லை.

நமது குழு ஒன்றில் ஒரு அம்மா இருக்கிறார். கணவர் தவறிய பிறகு, காலாண்டு விடுமுறையில் மகளோடு பிறந்த ஊருக்கு வந்துவிட்டார். மகள் எட்டாம் வகுப்பு. டவுனில் உள்ள பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் ஒரே பதில்தான். "வகுப்பு நிறைஞ்சு போச்சும்மா, அடுத்த ஜூன்ல வாங்க." அவரும் சரி என்று வந்துவிட்டார். மகள் முதல் வாரம் வீட்டில் இருந்தாள். இரண்டாவது வாரம் ஆடு மேய்க்கப் போனாள். நான்காவது வாரம் மில்லுக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து முன்பணம் பேசினார். "சும்மாதானே இருக்கு, நல்ல இடம் வந்தா முடிச்சிடலாமே"ன்னு சொந்தக்காரர்களும் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைக்குப் பதிமூன்று வயது.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். "அடுத்த ஜூன்" என்பது கேட்கச் சின்ன வார்த்தை. ஆனால் எட்டு மாதம் வீட்டில் இருந்த பெண் பிள்ளை மறுபடி புத்தகத்தைத் தொடுவது கஷ்டம். ஒரு வருடப் படிப்போடு அது முடிவதில்லை.

அந்த அம்மா குழுக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னார். ஊக்குநர் கேட்ட முதல் கேள்வி: "நீங்க எழுதிக் கொடுத்தீங்களாக்கா?" எழுதிக் கொடுக்கவே இல்லை. மூன்று தடவை போனதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வங்கியில் லோன் விண்ணப்பம் கொடுத்தால் தேதி போட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் அதேதான். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். எழுதிக் கொடுத்தால் யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும்.

எழுதுவதற்கு முன்னால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடிய, இலவசக் கல்வி பிள்ளையின் உரிமை. அந்தச் சட்டத்தில் நமக்கு வேண்டிய விஷயங்கள் இவை:

• கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது.

• வேறு பள்ளிக்கு மாறிப் போகிற பிள்ளைக்குப் பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. கொடுக்க வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாது.

• பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது.

• நடுவில் படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். 14 வயது தாண்டிவிட்டாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை இலவசம்தான்.

• சேர்ப்பதற்கு நன்கொடை கேட்கக் கூடாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது.

தனியார் பள்ளியில் கட்டணம் பாக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் டி.சி.க்குப் பயப்படுகிறோம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. டி.சி. என்பது கட்டண பாக்கியை வசூல் செய்யும் கருவி இல்லை, அதில் பாக்கி பற்றி எழுதக் கூடாது, சேர்க்கைக்கு டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் கொடுப்பது பக்கத்தில் ஒரு பள்ளியில் இடம். நாம் ஆசைப்படுகிற அந்த ஒரே பள்ளியில் இடம் என்று இல்லை. தமிழ்நாட்டு விதிகளின்படி ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். அப்படி ஒரு நடுநிலைப் பள்ளி உங்கள் ஊரிலேயே இருந்து, நாம் டவுன் பள்ளிதான் வேண்டும் என்று கேட்டால், ஏன் என்று நாம்தான் காரணம் காட்ட வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல்

இந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பது, பத்து, பதினொன்று என்றால் "சட்டப்படி கொடுத்தே ஆகணும்"ன்னு பேச முடியாது. கோரிக்கையாகத்தான் வைக்க வேண்டும். அதனால் காரணம் இன்னும் பலமாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைச் சில மாதங்களுக்கு முன்பே தயார் செய்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறாவிட்டால் இடம் கிடைத்தும் சிக்கல்தான்.

காரணத்தை எப்படி எழுதுவது

நிறைய மனுக்களில் "இது நல்ல பள்ளி என்பதால் என் மகளை இங்கே சேர்க்க விரும்புகிறேன்" என்று எழுதுகிறார்கள். அது எல்லோருக்கும் உள்ள ஆசை. அதைப் படித்து யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டும் உள்ள நிலைமையை எழுதுங்கள். அடுத்த பள்ளி எத்தனை கிலோமீட்டர்? பஸ் எத்தனை மணிக்கு? சாயங்காலம் இருட்டில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? தங்கை அதே பள்ளியில் படிக்கிறாளா? பிள்ளைக்கு ஊனமோ தொடர் வைத்தியமோ உண்டா? படித்துவந்த ஆங்கில வழியோ பாடப் பிரிவோ வேறு பள்ளியில் இல்லையா? எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள். விசாரித்தால் நிற்க வேண்டும்.

அந்த அம்மாவுக்காகக் குழு எழுதிய மனு ஒரு பக்கம்தான். கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் கணவர் காலமானதால் செப்டம்பர் கடைசியில் பிறந்த ஊருக்குக் குடிவந்துள்ளேன். என் மகள் எட்டாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வு வரை எழுதியுள்ளாள். எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளி உள்ளது. அடுத்த நடுநிலைப் பள்ளிக்கு பஸ் இல்லை. 5 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் தனியாக நடக்க வேண்டும். தங்கள் பள்ளிக்கு நேர் பஸ் உண்டு. நான் கூலி வேலைக்குப் போவதால் கூட்டிச் சென்று விட ஆள் இல்லை. ஆகவே என் மகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். இடமளிக்க இயலாவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். அதுதான் மனுவின் உயிர். ஆதார் நகல், பழைய பள்ளியின் மதிப்பெண் அட்டை, கணவரின் இறப்புச் சான்று, எமிஸ் எண் எல்லாம் இணைத்தார்கள். எமிஸ் எண்ணை மறக்காதீர்கள். பழைய பள்ளி தன்னுடைய எமிஸ் பதிவில் இருந்து பிள்ளையை விடுவித்து, காமன் பூல் என்று சொல்கிற பொதுத் தொகுப்பில் விட்டால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஊரை விட்டுக் கிளம்பும்போதே அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, பதிவை விடுவிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

யாரிடம், எந்த வரிசையில்

1. முதலில் தலைமை ஆசிரியர். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

2. ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் மேல் அதிகாரி. நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர். முதல் மனுவின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

3. அதற்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். அங்கே மனுவுக்கு எண் போட்டுக் கொடுப்பார்கள்.

4. எட்டாம் வகுப்புக்குள் என்றால் கல்வி உரிமைச் சட்டப்படி எழுத்துப்பூர்வமான புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு சரியில்லை என்றால் மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு உண்டு.

சந்தேகம் கேட்க பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது. பிள்ளையை வேலைக்கு அனுப்பவோ கல்யாணம் செய்யவோ முயற்சி நடந்தால் உடனே 1098.

"இடமில்லை" என்பது உண்மைதானா என்று தெரிய வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில், அந்த வகுப்பில் எத்தனை பிரிவு, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், இந்தத் தேதிக்குப் பிறகு எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

தலைமை ஆசிரியரை எதிரியாக நினைக்காதீர்கள். நாற்பது பேர் உட்கார வேண்டிய வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு, பெஞ்சுக்கும் கழிப்பறைக்கும் திண்டாடுகிறவர் அவர். "டீச்சர், உங்க கஷ்டம் புரியுது. மேல எழுதிக் கேளுங்க, நாங்களும் கூட நிக்கிறோம்"ன்னு சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கூடுதல் பிரிவு வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட நம்மால் முடியும். ஆனால் "இவ்வளவு கொடுங்க, சீட் வாங்கித் தர்றேன்"ன்னு வருகிற ஆளிடம் மட்டும் போகாதீர்கள். குழுக் கடன் எடுத்து அந்த ஆளுக்குக் கொடுப்பதைவிட வேறு நஷ்டம் இல்லை.

இன்னொன்று. மனு போட்டுவிட்டுப் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். பதில் வரும் வரை இடம் இருக்கிற ஏதாவது ஒரு பள்ளியில் உட்காரட்டும். தூரம் என்றால் அரசு மாணவியர் விடுதியைக் கேளுங்கள். படித்துக்கொண்டே காத்திருக்கிற பிள்ளையை யாரும் "சும்மாதானே இருக்கு"ன்னு சொல்ல முடியாது.

அந்த அம்மாவின் மனு தலைமை ஆசிரியையிடம் நகரவில்லை. மாவட்டக் கல்வி அலுவலர் வரை போனார்கள். தனியாக இல்லை, ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் கூடவே போனார்கள். பத்தொன்பதாவது நாள் அந்தப் பெண் வகுப்பில் உட்கார்ந்தாள். ஏஜெண்ட் அதற்குப் பிறகு வரவில்லை. எல்லோருக்கும் இப்படியே கேட்ட பள்ளி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு வேறு பள்ளிதான் கிடைக்கும். பரவாயில்லை, பிள்ளை படிக்கிறது. எந்தப் பள்ளியும் இல்லாமல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

முடிவாக மூன்று வேலை சொல்கிறேன். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில், நடுவில் படிப்பு நின்ற பிள்ளைகள் நம்ம தெருவில் யார் யார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். மனு கொடுக்கப் போகும் தாயோடு ஒரு உறுப்பினர் கூடப் போக வேண்டும். பஸ் செலவுக்கும் நகல் எடுக்கவும் பணம் இல்லை என்றால் குழுச் சேமிப்பில் இருந்து கொடுத்து உதவ வேண்டும். அடுத்த மாதம் வரும்போது அந்தப் பெயர்ப் பட்டியலோடு வாருங்கள். எந்த அலுவலகத்துக்கு எப்போது போவது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.