ரைட்டிங் ஓடுது, மௌஸைத் தொடாதே

என் கையில் இருப்பது ஒரு பழைய சிடி-ஆர். விளக்குக்கு நேராகச் சாய்க்கிறேன், பாருங்கள். நடுவிலிருந்து பாதிக்கு மேல் வரை ஒரு நிறம். அங்கிருந்து விளிம்பு வரை வேறொரு நிறம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் கேசட்டில் பிடித்த 45 நிமிட நாகஸ்வரக் கச்சேரி இதில் இருக்கிறது. கச்சேரி முடிந்த இடம்தான் அந்தக் கோடு.

இந்தப் பிளாஸ்டிக்குக்கும் மேலே இருக்கும் பளபளப்பான உலோகப் பூச்சுக்கும் நடுவே ஒரு சாயப் படலம் உண்டு. சிடி ரைட்டரின் லேசர் அதைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சுட்ட இடம் மங்கிவிடும், சுடாத இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும். ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988இல் இதைச் செய்து காட்டியது. 1990இல் பிலிப்ஸும் சோனியும் 'ஆரஞ்சு புத்தகம்' என்ற பெயரில் இதற்கான விதிகளை வகுத்தன.

தொடக்கத்தில் ரைட்டர் என்பது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான பொருள். 1995இல் ஹெச்பி விற்ற 4020i மாடல்தான் 1,000 டாலருக்குக் கீழே வந்தது. ஒரு தகட்டில் 650 மெகாபைட் பிடிக்கும். அன்றைய ஃபிளாப்பிக் கணக்கில் 450 ஃபிளாப்பி! ஆனால் பாட்டு ஓடும் அதே வேகத்தில், நொடிக்கு 150 கிலோபைட்டாக எழுதினால், 74 நிமிடத் தகடு நிரம்ப 74 நிமிடமும் ஆகும்.

அந்த 74 நிமிடத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. லேசர் எழுதத் தொடங்கிவிட்டால் நடுவில் நிற்க முடியாது. கணினி தரவை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ரைட்டருக்குள் 1 மெகாபைட் அளவுக்குச் சின்ன இடைத்தேக்கம் ஒன்று இருக்கும். 4 மடங்கு வேகத்தில் அது இரண்டு நொடிக்குள் வற்றிவிடும். வற்றினால் தகடு பாழ். அதனால்தான் கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன் எங்களை அதட்டுவார்: "ரைட்டிங் ஓடுது, மௌஸைத் தொடாதே!" ஸ்கிரீன் சேவரைக்கூட நிறுத்தி வைத்திருப்பார். நான் ஒருமுறை தொட்டுவிட்டேன். பிளாங்க் சிடி ஒன்றின் விலை எனக்கு அன்று பெரிய தொகை. அண்ணனின் அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

இதைத் தீர்த்தது ஜப்பானின் சான்யோ. 2000இல் வந்த அவர்களுடைய 'பர்ன்-புரூஃப்' நுட்பம், இடைத்தேக்கம் வற்றப்போகிறது என்று தெரிந்ததும் லேசரை நிறுத்தி, நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளும். தரவு வந்து சேர்ந்ததும் விட்ட இடத்திலிருந்தே எழுதும். சிடி ரைட்டரின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். நிற்கத் தெரிந்த பிறகுதான் ரைட்டரால் பயமில்லாமல் ஓட முடிந்தது. இது இல்லாமல் 40 மடங்கு, 52 மடங்கு என்று எழுதியிருந்தால் கடைக்குக் கடை குப்பைக்கூடை தகடுகளால் நிறைந்திருக்கும்.

52 மடங்கோடு பந்தயம் நின்றுபோனது. அந்த வேகத்தில் தகடு நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. விளிம்பு மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. லேசான விரிசல் இருந்தாலும் போதும், டிரைவுக்குள்ளேயே தகடு நொறுங்கிவிடும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 52கூட வெளி விளிம்பில் மட்டும்தான் கிடைக்கும், உள்வட்டத்தில் அதில் பாதிகூட வராது.

ஆகவே கணக்கைச் சரியாகப் போடுவோம். 80 நிமிடத் தகட்டை 4 மடங்கில் எழுத 20 நிமிடம், 16 மடங்கில் 5 நிமிடம். அங்கிருந்து 52க்குத் தாவினால் மிச்சம் இரண்டு நிமிடம்தான். நம் பழக்கத்தை மாற்றியது அந்த முதல் தாவல். 20 நிமிடம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோம். 5 நிமிடம் என்றால் அன்றாட வேலையை அன்றே பிரதி எடுத்து வைப்போம். டிவிடியும் அதே பாதையில் போனது: முதலில் ஒரு மணி நேரம், 16 மடங்கு வந்தபோது ஐந்தாறு நிமிடம்.

பென் டிரைவ் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சிடி-ஆரில் ஒருமுறை எழுதியதை மாற்ற முடியாது. கை தவறி அழிக்க முடியாது, வைரஸ் புகுந்து திருத்தவும் முடியாது. சும்மா இருக்கும்போது மின்சாரமும் வேண்டாம். 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம், அடிக்கடி திறக்கப்படாத தரவுகளுக்காக 10,000 புளூ-ரே தகடுகள் கொண்ட ஓர் அலமாரியையே காட்டியது. ஆனால் சந்தை சுருங்கிவிட்டது. எழுதக்கூடிய புளூ-ரே தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது.

தகட்டைவிட டிரைவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பெரும்பாலான புது லேப்டாப்களில் அது கிடையாது. சாயமும் வெயிலிலும் வெக்கையிலும் மெல்ல மங்கும். இந்த நாகஸ்வரத் தகட்டைப் பீரோவில், இருட்டில் வைத்திருந்தேன். சென்ற மாதம் வெளியே பொருத்தும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். 45 நிமிடமும் தடங்கலில்லாமல் ஓடியது. அன்றே ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். டிரைவ் இன்னும் இரண்டு நாள் என்னிடம் இருக்கும். பக்கத்து வீட்டுக் கல்யாண டிவிடி இப்போது அதில் ஓடிக்கொண்டிருக்கிறது.