கைப்பேசியில் வெல்டிங் கற்கலாமா?



2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, ஐ.டி.ஐ. பட்டறைகளைப் பூட்டினோம், பாடம் கைப்பேசிக்குப் போனது. அன்று வேறு வழியில்லை. பட்டறைகள் திறந்து ஆண்டுகள் ஆகியும், கைத்தொழிலை முழுக்கத் திரையிலேயே சொல்லித் தந்துவிடலாம் என்ற எண்ணம் மட்டும் தங்கிவிட்டது. அதை எடைபோட என்னிடம் ஒரே கேள்விதான் உண்டு: கற்பவர் செய்த தவறை, செய்த பொருளே காட்டிக்கொடுக்கிறதா?

ரவிக்கையின் கைக்குழியைத் தப்பாக வெட்டினால் போட்டுப் பார்த்ததுமே பிடிக்கும்; பிரித்துத் தைக்கலாம். யூடியூப் பார்த்தே தையல் பழகியவர்கள் ஊருக்கு ஊர் இருப்பது அதனால்தான். வெல்டிங் அப்படியல்ல. ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ஏறத்தாழ அந்த ராடின் கம்பிப் பருமன் அளவே இடைவெளி இருக்க வேண்டும். ராடு கரையக் கரையக் கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். இதில் தவறினாலும், கசடைத் தட்டிவிட்டால் மேலே வரிவரியாக அழகாகத் தெரியும். உள்ளே இரும்போடு உருகிச் சேராமலே கிடக்கும். அறுத்தோ வளைத்தோ ஊடுகதிர் பாய்ச்சியோ பார்த்தால்தான் குட்டு உடையும். அதற்குள் தவறே கைப்பழக்கம் ஆகிவிடும். பக்கத்தில் நிற்கும் ஆசிரியரோ, சடசடப்புச் சத்தம் மாறுவதைக் கேட்டே "கையை இறக்கு" என்பார். ஒயரிங்கும் இப்படித்தான். எர்த் கொடுக்காமல் விட்டாலும் விளக்கு எரியும், கிரைண்டர் சுற்றும். கிரைண்டரின் உடலில் மின்சாரம் கசிகிற நாளில்தான் பிழை தெரியவரும். அன்று அதைத் தொட்டவரின் உயிரே போகலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களும் வீட்டைவிட்டு நாள்தோறும் வர இயலாத பெண்களும் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வரைபடம் படிப்பதையும் பாதுகாப்பு விதிகளையும் கணக்கையும் திரையிலேயே கற்கட்டும். ஆசிரியரின் கையசைவைப் பத்து முறை திருப்பிப் பார்க்கிற வசதி, பட்டறையில் பின்னால் நிற்கும் மாணவனுக்கு இல்லவே இல்லை. மெய்நிகர் வெல்டிங் கருவிகளும் கோணத்தையும் வேகத்தையும் பழக்கும். சூட்டில் கோணிக்கொள்ளும் தகட்டை எப்படி அடக்குவது என்பதை நிஜத் தகடுதான் பழக்கும்.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஓராண்டுதான். பாடங்களைக் கைப்பேசிக்கு மாற்றி மிச்சமாகும் நேரத்தைப் பட்டறைக்கே கொடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ராடும் தகடும் வாங்குங்கள். இணையவழிச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும், ஆசிரியர் முன்னிலையில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதையும் அச்சிடுங்கள்.